மாரியம்மாவின் நெரை

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் பயணிகளுக்கு நடந்தே தோட்டம் சுற்றிக்காட்டும் செல்வி, முன்பு இங்கேயே கொழுந்து பறித்தவர். படமெடுக்கத் தேயிலைச் செடிகளுக்குள் கால் வைக்கிறேன். கையை நீட்டி மறிக்கிறார்.

“அது மாரியம்மாக்கா நெரைங்க. கேட்டுட்டுப் போங்க.”

“தோட்டம் கம்பெனியோடதுதானே?”

“தோட்டம் கம்பெனிக்குத்தாங்க. காலையில பிரிச்சுக் குடுத்த செடி வரிசை, இந்த நெரை, இன்னைக்கு அவங்களோடது.”

கேட்கிறேன். உள்ளே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் மாரியம்மா திரும்பாமலே, “நெரை முடியட்டுங்க” என்கிறார். என்னோடு சுற்றிப்பார்க்க வந்த வெளிநாட்டுத் தம்பதியும் நானும் தூறலில் காத்து நிற்கிறோம். கடைசிச் செடியும் முடிந்ததும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்கிறார்.

“இப்ப எடுங்க.”

இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கிறேன். படத்தின் பின்புறம் எழுத, அதிலிருப்பவரின் பெயர் தெரிந்த முதல் படம் இதுதான்.