புள்ளிக்குப் பின்னால் நாற்பத்தைந்து

ஓய்வுபெறும் முன் நான் கடைசியாக வடிவமைத்தது எங்கள் மாவட்டத்துக்கான வரைபட டேட்டாபேஸ். குளம், கால்வாய், வயல், வீடு எல்லாம் அதில் இருந்தன. எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று கேட்டால் நொடியில் பதில் வரும். நான் நெல்வயல்களுக்கு நடுவே பிறந்தவன். கடலை அதில் ஒரு நீல ஓரமாகத்தான் வைத்திருந்தேன்.

புயலில் போன படகுகள் திரும்பாதபோது, அவற்றின் கடைசி இடத்தைப் பதிய அவசரமாக ஓர் அட்டவணை சேர்த்தேன். அட்சரேகைக்கு ஒரு கட்டம், தீர்க்கரேகைக்கு ஒரு கட்டம். புள்ளி கடலுக்குள் விழுகிறதா என்று ஒரு சோதனையும் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தேடும் கப்பல்கள் போயின.

ஒரு காலையில் ஒரு பெண் கணவனின் தம்பியோடு வந்தாள். கணவன் வயர்லெஸ்ஸில் கடைசியாகச் சொன்ன இடம் அவளுக்கு மனப்பாடம்.

“ஏழு நாப்பத்தஞ்சு, எழுவத்தாறு இருவது. எழுதியாச்சா சாரே?”

தட்டச்சுக்காரர் 7.45, 76.20 என்று அடித்தார்.

“வயக்காட்டு ஆளுவள இருத்திக் கடலத் தேடுதானுவ,” என்றான் தம்பி, என்னைப் பார்த்து. “வரப்புல போய்த் தேடாம இருந்தாச் சரி.”

“ஏலே, வாய மூடு. சாரு எழுதட்டு.”

அன்று மதியம் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்கூட அறுபதை எட்டவில்லை. கடலில் சொல்வது டிகிரியும் மினிட்டும். ஒரு டிகிரிக்கு அறுபது மினிட். ஏழு நாற்பத்தைந்து என்றால் என் அட்டவணையில் 7.75 ஆக வேண்டும். படகை ஏறக்குறைய இருபது கடல்மைல் தள்ளி வைத்திருந்தோம். தவறான புள்ளியும் கடலில்தான் விழுந்தது; சோதனை அதை ஏற்றுக்கொண்டது.

திருத்த ஒரு வரி போதும். திருத்தினேன். புதிய பட்டியலில் ‘முந்தையது தவறு’ என்று எழுத வேண்டியவன் ‘கூடுதல் தகவல்’ என்று எழுதினேன். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன, விசாரணைக்குப் பயந்தேன். கூடுதல் தகவல்தானே என்று அதைக் கடைசியில் வைத்து, பழைய இடங்களை முதலில் தேடினார்கள்.

இரண்டு நாள் கழித்து, அவள் சொன்ன இடத்திலிருந்து அதிகம் விலகாமல் படகு கவிழ்ந்து கிடந்தது. மேலே ஒருவன் மட்டும் உயிரோடிருந்தான். அவள் கணவன் அன்று காலைவரை பக்கத்தில் படகைப் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு நழுவிப் போனானாம்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு கையெழுத்துக்காக அவள் என் மேசைக்கு வந்தாள்.

“சாரே, நம்பர நான் மாத்திச் சொல்லிப்போட்டேனா? நான்தான் கொன்னேன்னு கொழுந்தன் சொல்லுதான்.”

“இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க.”

“பின்ன ஏன் வேற எடத்துல தேடினாவ?”

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றேன்.

“மெசினு அல்லவா சாரே, அதுக்கு என்ன தெரியும்,” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

கொழுந்தனிடம் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பாள். அவன் நம்பியிருக்க மாட்டான். அவள் ஊருக்கு என் வீட்டு முக்கிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.