சகலையின் படகுப் பாட்டரி

கம்பம் ஊரில் ராக்கையாவை அடையாளம் காட்ட அவர் வேட்டி ஒன்று போதும். முன்பக்கம் முழுவதும் பொத்தல். பாட்டரித் திராவகம் தெறித்துத் தெறித்து அரித்த பொத்தல்கள். பொங்கலுக்குக் கட்டிய புது வேட்டியும் மாசி பிறப்பதற்குள் அதே கதிக்கு வந்துவிடும். "இந்த மனுசனுக்கு வேட்டி எதுக்கு? மீன்வலையைச் சுத்தி விட்டாப் போதாதா?" என்பார் அவர் மனைவி முருகம்மாள்.

அரிசி மில்லின் பக்கத்தில் தகரம் சாய்த்த ஒரு கொட்டடியில்தான் அவருக்கு வேலை. மில் என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து ஒரு டைனமோவைச் சுற்றும். நெல் அரைபடும் வரைக்கும் பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏறும். நெல் வண்டி வராத நாளில் சார்ஜும் கிடையாது. பள்ளத்தாக்கில் ஓடும் பஸ்களுக்கெல்லாம் அவர்தான் பாட்டரிக்காரர். ஒரு பாட்டரி நல்லதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. அதன் இரண்டு முனைகளையும் ஒரு கனத்த கம்பியால் தட்டுவார். நீலப் பொறி பட்டென்று தெறித்தால், "கெட்டிக்காரப் பய" என்று பாட்டரியைச் செல்லமாகத் தட்டிக் கொடுப்பார்.

இவ்வளவு மதிப்போடு இருந்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. அவருக்கு ஒரு சகலை இருந்தார்.

சகலையின் பெயர் கர்ணன். முருகம்மாளின் தங்கை மலையம்மாளைக் கட்டியவர். ராக்கையாவைவிட இளையவர். டூரிங் டாக்கீஸில் விளக்குகளையும் பாட்டரிகளையும் பார்த்துக்கொள்கிறவர். படம் முடிந்து என்ஜினை நிறுத்திய பிறகும் கூட்டம் கலையும் வரை கொட்டகையில் சின்ன விளக்குகள் எரிய வேண்டும். அவை பாட்டரியில் எரிந்தன. அக்காவும் தங்கையும் ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தார்கள். அதனால் ராக்கையா காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது கர்ணனின் வாசல்.

மாமியார் சந்தனம்மாள் அனுமந்தன்பட்டியிலிருந்து வந்தால் டாக்கீஸில் ஓசியில் பெஞ்சு டிக்கெட்டு கிடைக்கும். அந்த நன்றிக்கு, கோழி அடித்த நாளில் ஈரல் கர்ணன் இலைக்குப் போகும்.

"எனக்குக் கழுத்து, அவனுக்கு ஈரலா?" என்று ராக்கையா ஒருமுறை கேட்டேவிட்டார்.

"கழுத்துலதானப்பா கறி ருசி" என்றார் மாமியார்.

"அப்ப அந்த ருசிய அவனுக்கே வையி ஆத்தா."

அன்று முதல் அவர் டாக்கீஸ் பக்கமே போவதில்லை. ஆனால் பாட்டுச் சத்தம் வீடு வரை வரும். அதை என்ன செய்வது? போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

உலகச் சண்டைக் காலம் வந்து பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. பஸ்கள் கரியைப் போட்டு ஓடின. அந்தச் சமயத்தில் ஏலத்தோட்டத்து முதலாளி கோட்டைச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய தோட்டம் தேக்கடி ஏரிக்கு அக்கரையில் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஒரு சின்னப் படகையும் அதில் மாட்டும் மின்சார மோட்டாரையும் வாங்கினார். கூடவே அந்தத் துரை பங்களாவில் கிடந்த பாட்டரிகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. பாட்டரியைத் தேர்ந்தெடுத்து, சார்ஜ் போட்டு, படகையும் ஓட்ட ஓர் ஆள் வேண்டும். ஏரிக்கரையில் குடியிருக்க வீடு உண்டு.

இந்தச் செய்தி கேட்டதிலிருந்து ராக்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளத்தாக்கில் நெல் விளைவதே அந்த ஏரித் தண்ணீரில்தான். அந்த நெல் அரைபடும் இரைச்சலில் பாதி வயதைக் கழித்தவர், ஏரியை ஒருநாளும் பார்த்ததில்லை. திராவகப் புகையில் இருமி இருமி நெஞ்சு புண்ணாகியிருந்தது. காற்று வீசும் இடத்தில், தண்ணீருக்கு நடுவில், ஓட்டை இல்லாத வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு எந்த வேலைக்கும் அவர் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆனால் முதலாளி டாக்கீஸுக்குப் போகிறவர். கர்ணனையும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் மில்லுக்கு வரச்சொன்னார். முற்றத்தில் பாட்டரிகள் குவிந்து கிடந்தன.

"ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கங்க. சார்ஜ் போட்டு மேல கொண்டாங்க. இக்கரையிலருந்து என் தோட்டத்துக்குப் போயிட்டுத் திரும்பணும். எவன் பாட்டரி கரை சேருதோ அவன் அங்கன இருந்துக்கிரலாம்."

"மொதலாளி, மூத்தவன் நான். நாந்தான் மொதல்ல எடுப்பேன்" என்றார் ராக்கையா.

"எடுங்கண்ணே" என்றார் கர்ணன். இந்த மரியாதைதான் ராக்கையாவுக்குப் பிடிக்காது.

ராக்கையா கம்பியை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். துரையின் காரில் இருந்த இரண்டு பாட்டரிகள் பளீரென்று பொறி கக்கின. கையில் எடுக்கவும் இலேசாக இருந்தன. அவற்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு சகலையைப் பார்த்தார்.

கர்ணன் கம்பியைத் தொடவே இல்லை. மூலையில் கிடந்த இரண்டு மரப்பெட்டிப் பாட்டரிகளை அசைத்துப் பார்த்தார். பங்களாவில் விளக்கு எரித்தவை அவை. தூக்க ஆள் வேண்டும், அவ்வளவு கனம். மேலே தூசியும் சிலந்தி வலையும். டாக்கீஸில் இருந்து கொண்டுவந்த ஒரு சின்ன பல்பை அதில் மாட்டிவிட்டு, எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். பல்பு மங்கலாக எரிந்தது. வெகுநேரம் கழித்தும் அதே மங்கலில் எரிந்தது.

"ஏலே கர்ணா, அதுக்கு எண்ணெய் ஊத்தித் திரி போடு. இன்னும் நல்லா எரியும்."

"இதே போதும்ணே எனக்கு."

எனக்கு விளங்கிய மட்டில் விஷயம் இதுதான். பஸ்ஸுக்கும் காருக்கும் வேண்டியது என்ஜினை உதைத்துவிடும் ஒரு நொடி வேகம். அதற்கு மெல்லிய தகடுகள் நிறைய வைத்த பாட்டரி போதும். ஓடத் தொடங்கிய பிறகு என்ஜினே அதைத் திரும்ப நிரப்பிவிடும். படகுக்கு அப்படியில்லை. கரை சேரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தடித்த தகடு வேண்டும். ராக்கையா வாழ்நாளெல்லாம் பார்த்தது பஸ் பாட்டரி. கர்ணன் பார்த்தது விளக்குப் பாட்டரி. அவரவர் பழக்கத்தில் அவரவர் எடுத்தார்கள். இதுவரை ராக்கையாவிடம் பெரிய தப்பில்லை.

தப்பு தண்ணீரில் வந்தது.

பாட்டரியில் திராவகம் வற்றினால் சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் சண்டையில் கிடைக்காமல் போயிற்று. அதனால் சாரல் காலத்தில் வீட்டு முற்றத்தில் ஒரு பீங்கான் ஜாடியை வைத்து ராக்கையா மழைத் தண்ணீர் பிடிப்பார். ஊருக்கே அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். இந்த வருஷம் ஜாடியோடு வெளியே வந்தால், அவர் வைக்கும் இடத்தில் கர்ணனின் ஜாடி உட்கார்ந்திருந்தது.

"பக்கத்துல வையிங்களேன். மழை என்ன அவுக வீட்டுக்கு மட்டுமா பெய்யிது?" என்றார் முருகம்மாள்.

"அவன் ஜாடிக்குப் பக்கத்துல என் ஜாடியா? நான் அவனப் பாத்துச் செய்யிறேன்னு ஊரு சிரிக்கவா?"

"நீங்க செஞ்சததான் அவுக பாத்துச் செய்யிறாக."

"அது எனக்கும் ஒனக்கும்தான தெரியும்!"

ஜாடியை உள்ளே வைத்துவிட்டு, பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு சுருளி மலைக்குப் போனார். அருவிக்கு மேலே குகைப் பக்கம் கசியும் தீர்த்தத்தைப் பிடித்து வந்தார். சாமிக்கு அபிஷேகம் செய்கிற தண்ணீர். கூரையில் காக்கை எச்சத்தோடு வழிகிற மழைத் தண்ணீர் இதற்கு உறை போடக் காணுமா என்பது அவர் எண்ணம். அந்தத் தண்ணீர் சொட்டும் இடத்தில் இலையும் சுள்ளியும் நாளாவட்டத்தில் கல்லாகிப்போகும் என்று ஊரில் குழந்தைகூடச் சொல்லும். தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. ராக்கையாவுக்கும் தெரியும். ஆனால் சகலையின் ஜாடியை நினைத்துக்கொண்டே நடந்தவருக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கொட்டடியில் பாட்டரிக்குள் தீர்த்தத்தை ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை எழுந்தது.

"பாத்தியா! தீர்த்தம் பொங்குது!" என்று மில் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சந்தோஷத்தில் சார்ஜையும் கூடுதலாக ஏற்றினார். பாட்டரி கைவைக்க முடியாமல் சுட்டது. எதிர்வீட்டுக்காரரோ டாக்கீஸ் டைனமோவில் நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

வைக்கோல் சுற்றிய பாட்டரிகளோடு இருவரும் குமுளி பஸ்ஸில் ஏறினார்கள். மலை ஏற்றத்தில் கரி பஸ் மூச்சு வாங்கி நின்றபோது இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதும் ராக்கையா, சகலையின் கை வைத்த இடத்தில் கை வைக்கவில்லை.

ஏரியைப் பார்த்ததும் ராக்கையா மூச்சை இழுத்து இழுத்து விட்டார். தண்ணீருக்குள் செத்த மரங்கள் கறுப்புக் கறுப்பாக நின்றன. காற்றில் திராவக வாடையே இல்லை. இது நமக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

முதலில் அவர் ஜோடி. முதலாளியும் கர்ணனும் படகில் உட்கார்ந்தார்கள். கர்ணனின் பெட்டிகளும் பாரமாக ஏறின. மோட்டார்ப் பிடியை முறுக்கியதும் படகு சீறிக்கொண்டு பாய்ந்தது.

"எப்படி மொதலாளி? சுருளித் தீர்த்தம்!"

"ஆகா" என்றார் முதலாளி, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு.

தோட்டத்துக் கரையை ராக்கையா தொட்டார். திரும்பி வரும்போது மோட்டாரின் ஓசை இறங்கத் தொடங்கியது. முதலில் அவருக்கு மட்டும் கேட்டது. பிறகு எல்லோருக்கும் கேட்டது. செத்த மரங்களுக்கு நடுவே வந்ததும் படகு அசையாமல் நின்றது. ராக்கையா பிடியைத் திருகினார், கம்பியை இழுத்துக் கட்டினார், பாட்டரியைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"என்னப்பா, கெட்டிக்காரப் பய தூங்கிட்டானா?" என்றார் முதலாளி.

"அண்ணே, நீங்க ஒக்காருங்க. நான் வயரை மாத்துறேன்" என்றார் கர்ணன்.

அவர் குரலில் கேலி இருந்திருந்தால் ராக்கையா தாங்கிக்கொண்டிருப்பார். இல்லை. அதுதான் உள்ளே சுட்டது. கர்ணனின் பாட்டரியில் படகு அவசரமில்லாமல் கரை சேர்ந்தது. முதலாளி இறங்கவில்லை. இன்னொரு நடை தோட்டத்துக்குப் போய்விட்டு வரச் சொன்னார். அதையும் போய் வந்தது.

"கர்ணன் இங்கன இருக்கட்டும்" என்றார் முதலாளி.

மில்லுக்குத் திரும்பிய ராக்கையா தன் பாட்டரியைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து வெள்ளைச் சேறு வந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது, சுருளிச் சுண்ணாம்பு.

"தீர்த்தத்தக் குத்தம் சொல்லாதீக. அது சாமிக்கு உள்ளது. பாட்டரிக்கு ஊத்தச் சொல்லி யாரு சொன்னாக?" என்றார் முருகம்மாள்.

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கர்ணனும் மலையம்மாளும் ஏரிக்கரைக்குக் குடிபோய்விட்டார்கள். ராக்கையா நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஏரிக்கரையில் டைனமோ கிடையாது. டாக்கீஸும் போடிப் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நாளில் குமுளி பஸ்ஸின் கூரையிலிருந்து இரண்டு மரப்பெட்டிகள் மில் வாசலில் இறங்கின. சார்ஜ் போட்டு அனுப்பச் சொல்லி முதலாளி சொல்லிவிட்டிருந்தார்.

கொட்டடி மூலையில் பித்தளைக் குடம் இருந்தது. அதில் பாதித் தீர்த்தம் மிச்சம். ராக்கையா பெட்டியின் மூடிகளைத் திருகித் திறந்தார். உள்ளே தகடுகள் சுத்தமாக இருந்தன. குடத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். ஒரு செம்பு போதும். நடு ஏரியில் படகு நின்றால் கர்ணன் துடுப்புப் போட வேண்டியதுதான்.

செம்பில் மொண்ட பிறகு வேறொரு நினைப்பு வந்தது. படகு நின்றால் முதலாளி என்ன சொல்வார்? கர்ணன் கெட்டவன் என்பாரா? "ராக்கையா போட்ட சார்ஜ் இம்புட்டுத்தான்" என்பார். இரண்டாவது முறையும் அவர் பெயரே அடிபடும்.

செம்புத் தண்ணீரைக் குடத்திலேயே ஊற்றினார். குடத்தை முருகம்மாளிடம் கொடுத்து, "சாமிக்கு வையி" என்றார். தன் ஜாடியை முற்றத்தில், சகலையின் ஜாடி இருந்த அதே இடத்தில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார். பஸ் பாட்டரிகளைத் தள்ளி வைத்துவிட்டு, சகலையின் பாட்டரிக்குச் சூடேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினார். அப்படிப் பொறுமையாக அவர் எந்தப் பாட்டரிக்கும் ஏற்றியதில்லை. முடிந்ததும் பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக 'ராக்கையா, கம்பம்' என்று எழுதி அனுப்பினார்.

அடுத்த முறை பெட்டி வந்தபோது எழுத்தைக் காணோம்.

"அழிச்சிட்டான் பாரு, பொறாமை பிடிச்ச பய!"

"திராவகத்துக்கு வேட்டியே நிக்கல, பெயிண்டு நிக்குமா?" என்றார் முருகம்மாள்.

திரும்ப எழுதினார். திரும்பவும் அழிந்து வந்தது. பஸ் கண்டக்டர், ஒரே சார்ஜில் படகு இரண்டு நடை போகிறதென்றும் முதலாளி கர்ணனின் முதுகில் தட்டிக் கொடுத்தாரென்றும் சொன்னார்.

"பெட்டியில பேரு எழுதியிருந்துச்சே, பாத்தாகளா?"

"அதெல்லாம் யாருண்ணே பாக்குறாக."

இந்த வாரம் பஸ் மில் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டி வெளியே வரவில்லை. கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெயிண்ட் டப்பா ஓரமாகக் கிடந்தது. ராக்கையா பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உளியால் மரத்தில் கொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மலை ஏறணும், நேரமாகுதுல்ல!"

"இருப்பா. 'கையா' பாக்கி இருக்கு."