நடுங்கும் கண்

ஒய்ரிக்குக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மூக்கு நுனி மட்டும் சிவக்கும். எங்கள் மலைப் பண்ணையில், வேட்டையாடிய மான்களைச் சுமந்து இறங்கும் குதிரைகளை இருபத்திரண்டு வருடமாகப் பழக்கியவள் அவள்தான். குடியிருந்ததும் பண்ணை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

போன வருடம் பண்ணையை வாங்கியவர் தெற்கிலிருந்து பியர்ஸ் என்றொரு மேலாளரை அனுப்பினார். வந்தவன் முதல் வேலையாக மலைக்குப் புது வரைபடம் போட்டான். மலை நடுவே குழிந்த பள்ளத்தை எங்கள் பழைய கேலிக் மொழியில் 'கோரெ' என்போம், குண்டான் என்று அர்த்தம். முன்னால் துருத்தி நிற்கும் பாறை 'ஸ்ரோன்', மூக்கு. கால் தேய நடந்தவர்கள் வைத்த பெயர்கள். காசு கொடுத்து வேட்டைக்கு வரும் விருந்தினர் வாயில் நுழையவில்லையாம். அந்தப் புண்ணியவான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண் போட்டான், ஜெயிலில் கைதிக்குப் போடுவதுபோல.

ஏழாம் எண் போட்ட இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒய்ரிக் நேரில் போய்க் கேட்டாள். அதன் பெயர் 'சூல் ஹ்ரீ', நடுங்கும் கண். மேலே பச்சைப் பசேலென்று புல். கால் வைத்தால் தரை நடுங்கும். கீழே அடி காணாத சேறு.

"பேர்லயே எல்லாம் இருக்குய்யா. கேட்டுட்டுச் சுத்திப் போனா உசுரு மிஞ்சும்," என்றாள்.

பழங்கதை என்று அவன் சிரித்தான்.

அக்டோபரில் ஒரு பிற்பகல், மான் ஏற்றிய சாம்பல் குதிரையை அவனே பிடித்துக்கொண்டு இறங்கினான். கீழே விருந்தினர் படமெடுக்கக் காத்திருந்தார்களாம். அதனால் ஏழாம் எண் வழியாகக் குறுக்கே வந்தான். கத்தாத ஒய்ரிக் எதிர்ச் சரிவிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அதைத் தின்றுவிட்டது. அவன் தப்பிக் கரையேறினான். குதிரை கழுத்துவரை இறங்கியது. மூன்று மணி நேரம் கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. குட்டியாக அவள் கையில் பால் குடித்த குதிரை அது. கடைசியில் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிச் சுட்டதும் அவள்தான்.

மறுநாள் காலை பியர்ஸ் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினான். 'எதிர்பாராத விபத்து' என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தான், வெட்கங்கெட்டவன். வீட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

அவளுக்கு மூக்கு நுனி சிவந்தது. இடம் என்ற கட்டத்தில் இருந்த ஏழாம் எண்ணை அடித்துவிட்டு 'சூல் ஹ்ரீ' என்று எழுதினாள். எச்சரிக்கை ஏதும் இருந்ததா என்ற கேள்விக்கு, 'இருந்தது. மேலாளர் அழித்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"என் வீட்டுக்கும் ஒரு நம்பர் போட்டுக்கங்க."