கிளாஸ் வேற, லைன் வேற

காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும். மேலே ஜப்பான்காரர்கள், நடுவில் எங்கள் ஊர்க்காரர்கள், கீழே ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த பெண்கள். கட்டிய ஒயரைச் சரிபார்க்கிற நான் நடுவிலும் சேர்த்தியில்லை, கீழேயும் சேர்த்தியில்லை. இத்தனை பேரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. போன வருடம் சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவரை வரவழைத்தார்கள்.

கேண்டீன் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு அங்கேயே வகுப்பு. 'பன்முகப் பண்பாட்டு விழிப்புணர்வு' என்று பேனர் வேறு. காலை முழுக்கக் குனிவதிலேயே போயிற்று. ஜப்பான்காரர் எதிரில் வந்தால் எவ்வளவு குனிய வேண்டும், அவர் நீட்டும் விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதைப் பின் பாக்கெட்டில் செருகி அதன்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. எங்கள் லைன் சூப்பர்வைசர் குனிந்த குனிவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவில் சாமி புறப்பாடு வரும்போதுகூட அந்த முதுகு அப்படி வளைந்து நான் பார்த்ததில்லை.

"கூட வேலை செய்றவங்களோட பின்னணியை அக்கறையா கேட்டுத் தெரிஞ்சுக்குங்க" என்றார் கோட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னணி கேட்பதில் எங்கள் சூப்பர்வைசருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, எந்த ஊர் என்று கேட்டார். தாமல் என்றேன்.

"தாமல்ல எங்கமா? ஊருக்குள்ளயா, காலனியா?"

காலனி என்றேன். அதற்குமேல் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

மதியம் வெளி மாநிலப் பெண்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் லைனில் வேலை செய்யும் ஒடிசாப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை சூப்பர்வைசர் "ஏ இந்தி" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு இந்தி அரைகுறை, தாய்மொழி ஒடியா என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். வேலை முடிந்து கிளம்பும்போது என்ன சொல்வாய் என்று கோட்டுக்காரர் அவளைக் கேட்டார்.

"வரேன்" என்றாள் அவள்.

எவ்வளவு சரியான பதில்! அவள் ஊரிலும் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்று சொல்ல மாட்டார்களாம். 'ஆசுச்சி', அதாவது வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். அப்புறம் அவளே என்னிடம் சொன்னாள். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் அந்த வகுப்பில் தானாக வந்து நின்றது. அதற்குள் எங்கள் சூப்பர்வைசர் எழுந்துவிட்டார்.

"அய்ய, வரேன்னா இங்கிலீஷ்ல கம்மு! நீ கிளம்பிக்கினு கீறே. போறேன்னு சொல்லணும். கோ, கோ!"

கேண்டீனே சிரித்தது. கோட்டுக்காரரும் தலையாட்டி, அவளைத் திரும்பத் திரும்ப "போறேன்" என்று சொல்ல வைத்துக் கைதட்டினார். கோபித்துக்கொண்டு கிளம்பும் மாமியாரைத் தவிர எங்கள் பக்கத்தில் யாராவது போறேன் என்று சொல்லி வாசலைத் தாண்டுவார்களா? காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் 'இந்தி'க்கு அர்த்தம் தெரிந்தால் போதும், மரியாதையெல்லாம் எதற்கு?

சில வாரம் கழித்து அவள் ஒரு கட்டுக்குள் ஒயரை மாற்றிச் செருகிவிட்டாள். எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பாவம், ஷிப்ட் முடிந்ததும் அவரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அவர் மேசைக்கு எதிரில் போய்க் கைகூப்பி, படித்த பாடத்தை ஒப்பித்தாள்.

"சார், நான் போறேன்."

"போ" என்றார்.

மறுநாள் காலை கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. அவளாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று சூப்பர்வைசர் ஆபீசில் சொல்லிவிட்டாராம். அவள் காண்ட்ராக்ட் தொழிலாளி. வேலை இல்லையென்றால் அன்று சாயங்காலமே கம்பெனி விடுதியைக் காலி செய்தாக வேண்டும். இந்த ஊரில் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நான் கேட்டில் கெஞ்சி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு ஹெச்.ஆர். மேடத்திடம் போனேன். சூப்பர்வைசரையும் கூப்பிட்டார்கள்.

"எம் மூஞ்சுக்கு நேரா போறேன்னுச்சு மேடம். வேலைய உடறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. எம் பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்குது, அந்த நேரத்துல வந்து அபசகுனமா பேசுது."

"நீங்கதான சார் அப்படிச் சொல்லச் சொன்னீங்க? கிளாஸ்ல எல்லாரும் பார்த்துக்கினுதான இருந்தோம்?" என்றேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "கிளாஸ் வேற, லைன் வேறமா."

மேடம் சிரித்தபடியே, இது சின்ன கம்யூனிகேஷன் கேப் என்றார். அந்த கேப்பை யார் தோண்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. சாரிடம் ஒரு சாரி சொல்லிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. இப்படி ஒரு மனிதரை சார் என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று என் வாயின்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு அவள் தமிழ் பேசுவதை விட்டுவிட்டாள். சொன்னதைச் செய்வாள், ஷிப்ட் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடப்பாள். போன மாதம் ஜப்பான்காரர் லைனைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, சூப்பர்வைசர் அவளைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "நம்ம கல்ச்சர் நல்லா பழகிக்கிச்சு சார் இந்தப் பொண்ணு. எவ்வளவு அடக்கம் பாருங்க." கூட வந்தவர் அதை ஜப்பான் மொழியில் சொன்னதும் ஜப்பான்காரர் அவளைப் பார்த்து மரியாதையாகக் குனிந்தார். அவள் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறும்போது நான் தினமும் அவளைப் பார்த்து "வரேம்மா" என்கிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.