அரக்கு வைத்த தட்டு

டெல்மீராவிடம் பழைய கிராமபோனைக் கொண்டுவருகிறவர்கள் யாரும் அதை விட்டுவிட்டுப் போவதில்லை. மொந்தெவிதேயோவின் ஞாயிற்றுச் சந்தையில் உள்ளே இருக்கும் மோட்டாரை உருவிக்கொண்டு வெறும் பெட்டியைத் திருப்பித் தருகிற கைகள் எத்தனையோ உண்டு. ஆகவே வந்தவர் எதிரே நாற்காலி போட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வந்தவரின் முகத்தைப் பார்ப்பாள். வேலை அப்படித்தான் நடக்கும்.

பசீலியோ என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. அவருடைய பெட்டியில் இசைத்தட்டு வைக்கும் சுழல்தட்டு நடு அச்சோடு இறுகிப் போயிருந்தது. அதைக் கழற்றினால்தான் அடியில் உள்ள மோட்டாரைத் தொட முடியும். போன ஞாயிறே வந்தார். தினமும் அச்சில் மண்ணெண்ணெய் விடுங்கள், துரு இளகும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு வாரம் விட்டும் தட்டு இம்மி அசையவில்லை.

டெல்மீராவுக்குப் போன வாரத்திலிருந்தே தூக்கம் சரியில்லை. பெட்டிக்குக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். ஆனாலும் முறுக்குச் சாவி செருகுகிற துளைக்குக் கீழே இருந்த அந்தப் பிறைபோன்ற வெட்டு அவளுக்குத் தெரியாததா? ஒன்பது வருஷம் முன்பு, கார்னிவல் திருவிழா சமயத்தில், அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பட்டறையிலிருந்து காணாமல்போன அப்பாவின் கிராமபோனிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருந்தது. பட்டறையின் இரண்டாவது சாவி பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் ரூஃபினோவிடம் இருந்தது. அவன்தான் எடுத்திருப்பான் என்று, அவளைப்போலவே மெக்கானிக்கான அவள் புருஷன் நொர்பெர்த்தோ சொன்னான். அன்றிலிருந்து ரூஃபினோவோடு பேச்சில்லை. சந்தையில் மாத்தே கஷாயக் குடுவை கைமாறிச் சுற்றி வரும்போது, அவள் ஊற்றுகிற முறையென்றால் ரூஃபினோவைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும்.

பெட்டி அவளுடையதுதானா என்பதற்கு ஒரே சாட்சி தட்டுக்கு அடியில் இருந்தது. அப்பாவின் பெட்டியைச் சீர்செய்த நாளில் அங்கே பலகையில் மூன்று பித்தளை ஆணிகளை முக்கோணமாக அடித்திருந்தாள். பசீலியோவிடம் இதையெல்லாம் அவள் சொல்லவில்லை.

முதலில் சுருள்வில்லை ஓடவிட்டு முறுக்கை முழுக்கத் தணித்தாள். பிறகு குடுவைக்கு வைத்திருந்த வெந்நீரில் துணியை நனைத்து அச்சைச் சுற்றி ஒற்றினாள். மூன்றாவது ஒற்றில் ஒரு வாசனை எழுந்தது. துரு வாசனை இல்லை. பழைய இசைத்தட்டு வெயிலில் காய்ந்தால் வருமே, அந்த வாசனை. குனிந்து மோந்து பார்த்தாள். அரக்கு! தட்டு தானாக இறுகவில்லை. யாரோ உருக்கி ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். அடியில் இருப்பதை ஒளிக்க நினைத்தவனைத் தவிர வேறு யார் அப்படிச் செய்வார்கள்? அவள் கண் தானாகப் பக்கத்துக் கடைக்குப் போனது.

அரக்கு ஆறுவதற்குள் தூக்கியாக வேண்டும். நெம்புகோல் போட்டால் அச்சு வளைந்துவிடும். ஒருவர் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துச் சமமாகத் தூக்க, இன்னொருவர் அச்சின் தலையில் பித்தளைத் துண்டை வைத்து மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். பசீலியோவுக்கோ ஒரு கைதான். அவர் தயங்காமல் பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். டெல்மீரா தடுப்பதற்குள் ரூஃபினோ கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அவள் பசீலியோவிடமே பேசினாள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தூக்கச் சொல்லுங்க. பதறக் கூடாதுன்னும் சொல்லுங்க."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க," என்றார் ரூஃபினோ.

அவர் தூக்கினார். அவள் தட்டினாள். அவர் கை நடுங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்கவில்லை. நான்காவது அடியில் 'டக்'கென்று தட்டு கையோடு வந்தது.

பலகையில் மூன்று பித்தளை ஆணிகள் முக்கோணமாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கையெழுத்து. மோட்டாரைத் திறக்கிற எந்த மெக்கானிக்கும் மூடும்போது பெயரும் தேதியும் எழுதிவைப்பான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். எழுதியிருந்தது: நொர்பெர்த்தோ, மார்ச் பன்னிரண்டு. கார்னிவலுக்கு மூன்று வாரம் கழித்து, பெட்டி காணாமல்போன அதே வருஷம்.

டெல்மீரா அந்தத் தேதியை இரண்டு முறை படித்தாள். அந்தப் பெயரின் கடைசி எழுத்தில் இழுத்த வாலை அவள் முப்பது வருஷமாகப் பார்க்கிறாள். ரூஃபினோவும் படித்தார். தட்டைப் பக்குவமாக மேசையில் சாய்த்துவைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"உம் புருஷன் வண்டில ஏத்தறதப் பாத்தேன்."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சாவி என்கிட்ட இருந்துச்சு. புருஷன் சொன்னத விட்டுட்டு நான் சொன்னத நம்பியிருப்பியா?"

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. மிச்சமிருந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் அவர் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினாள்.

"தண்ணி ஆறிப்போச்சு. சூடா இருந்ததையெல்லாம் துணியில ஊத்திட்டேன்."

ரூஃபினோ நின்றபடியே உறிஞ்சிக் குடித்தார். திருப்பித் தரும்போது நன்றி சொல்லவில்லை. நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். அவள் மறுபடி ஊற்றினாள்.

இதற்குள் பசீலியோ நல்ல கையால் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். தான் காசு கொடுத்து வாங்கியது, ரசீதுகூட இருக்கிறது என்றார்.

"உங்கள யாரு கேட்டாங்க, ஐயா? வித்தவன்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

"அப்ப தட்ட மாட்டிரலாமே?"

"மாட்டலாம். நொர்பெர்த்தோ ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுட்டு வருவாரு. அதுவரைக்கும் இது இப்படியே தொறந்து கெடக்கட்டும்."

துணியை எடுத்து மூன்று ஆணிகளையும் பளபளவென்று துடைத்தாள், பென்சில் எழுத்தின் மீது படாமல். பிறகு தன் நாற்காலியை ரூஃபினோவுக்கு நகர்த்திவிட்டு, தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள்.