நான் கலந்துவிட்ட தவளைகள்

ஒரு ஜாடியில் இருந்த பதினொரு தவளைகளை இன்னொரு ஜாடியில் கொட்டிக் கலந்தேன். கை தவறி அல்ல, தெரிந்தே செய்தேன்.

அப்போது ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தேன். தவளைகளைப் பிடித்து வந்தவர் எங்கள் ஆய்வக அட்டெண்டர். என் வயதுதான். நகரத்தின் வடக்கே போலாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். நகரத்தின் மேற்கே கணினி அலுவலகங்கள் கட்டுவதற்காக ஒரு பாறைக் குன்றை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் குட்டைகளில் கட்டைவிரல் பருமனில் இருந்த தவளைகளைத்தான் அவர் பிடித்து, உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய இரண்டு ஜாடிகளில் பிரித்துப் போட்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? எதுக்கு ரெண்டு ஜாடி?" என்றேன்.

"பார்த்தா ஒண்ணுதான் சார். கேட்டா ரெண்டு. ஒண்ணு கோலிக்குண்டைத் தட்டுற மாதிரி கத்துது. இன்னொண்ணு சீப்புப் பல்லை நகத்தால இழுக்குற மாதிரி. கோலிக்குண்டுகிட்ட வர்ற பொட்டை, சீப்புகிட்ட போகவே மாட்டேங்குது. ஒரே குட்டை சார்!"

"காதை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. தங்களுக்குள் இணைசேர்ந்து வம்சம் வளர்ப்பவை ஒரு சிற்றினம், அப்படிச் சேராதவை எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறு சிற்றினம் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெகுகாலம் தனித்தனியே வாழ்ந்தால் கத்தும் விதம்கூட மெல்ல மாறிவிடும். பிறகு ஒரே குட்டையில் சந்தித்தாலும் ஒன்றையொன்று துணையாக ஏற்காமல் போகலாம். அவர் சொன்னது அதைத்தான். ஆனால் அந்தப் பக்கத்துக் குன்றுகளின் சிறு தவளைகள் எல்லாம் ஒரே சிற்றினம் என்று அளவெடுத்துக் கட்டுரை எழுதியவனும் நான்தான். அந்தக் கட்டுரையால்தான் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அன்று மாலை எல்லாரும் போனதும் கலந்தேன். சீட்டுகளைக் கிழித்தேன். ஃபார்மலினில் கிடக்கும் தவளை கத்தாது. அடுத்த மழைக்குள் குன்றும் இல்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் கழித்து ஒரு மதியம், போலாரம் பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பின்னால் ராணுவக் குடியிருப்பின் சுவரோரம் தேங்கிய நீரில் கோலிக்குண்டு. சற்று நேரத்தில் சீப்பு. மழை விடும்வரை பொறுக்க முடியவில்லை. நனைந்தபடியே விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன், "அன்னிக்கு நான்தான் கலந்தேன்."

"ஹவ் சார், ஆமா, தெரியும். காலி ஜாடியைக் கழுவி வச்சது யாரு? நான்தானே!" துண்டை நீட்டினார். "முதல்ல தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சா நீங்களும் ரெண்டு விதமா கத்துவீங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லணும். எதுக்கு சார்?"

அந்த மழைக்காலம் முழுதும் இருவரும் குடையோடு அலைந்தோம். அவர் காது காட்டிய திசையில் நான் கைபேசியை நீட்டிப் பதிவு செய்தேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, என் முடிவு தவறாக இருக்கலாம், அதற்கு எதிரான சான்றை நானே அழித்தேன் என்று எழுதினேன். பதிவுகளைத் தவளைகளை ஆராயும் ஒரு பெண்ணுக்கு அனுப்பினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அட்டெண்டரின் பெயரை எழுதினேன்.

"என் பேரு நக்கோ சார், வேணாம். பேரு இல்லாம நிக்கிறது தவளைதான்" என்றார். நான் எழுதிய பெயரை அடிக்கவில்லை.

இதழ் என் கடிதத்தை நாலு வரியில் வெளியிட்டது. பழைய சகாக்கள் இருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். குன்றில் இருந்தவையும் இவையும் ஒன்றா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த ஜாடி கலந்தபடியேதான் இருக்கிறது. போலாரத்தில் இருப்பவை இரண்டு சிற்றினங்களாகத்தான் படுகின்றன, இன்னும் இரண்டு மழைக்காலம் பார்க்க வேண்டும் என்கிறார் அந்தப் பெண். வானம் கறுத்தால் அவர் நேரே அட்டெண்டர் வீட்டுக்குத்தான் போகிறார், அதுதான் முறை.

அட்டெண்டர் உடனே எனக்குப் போன் போடுகிறார்: "சார், குடையை எடுத்துட்டு வாங்க."

என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் கூப்பிடுகிறார்.