பதினைந்தாம் வீட்டுத் தாள்

பெரிய கிராணியின் பச்சை மை இன்றும் என் கண்ணை உறுத்துகிறது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் மற்ற கிராணிகள் நீலத்தில்தான் எழுதுவார்கள். கோலசிலாங்கூர்ப் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி தான்தான் என்று காட்ட, இவருக்கு மட்டும் பச்சை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் அந்த நாலு வார்த்தை இல்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளைக் காட்டில் வேட்டையாடிய அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைப் போலீஸ்காரர்கள் திறந்து, ஒரு பிடி சோறு இருந்தாலும் காட்டில் இருப்பவர்களுக்கா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சிங்கப்பூரில் பட்டம் முடித்துத் திரும்பி, தென்கிழக்கு ஆசியத் தொழிலாளர் வாழ்வை ஆராய வெளிநாட்டில் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். மாதிரிக்கு ஒரு லயத்தையாவது ஆராய்ந்து காட்ட வேண்டும். நன்னடத்தைக்குத் தோட்டத்துத் துரை கையெழுத்திட வேண்டும். துரையிடம் எந்தக் காகிதமும் பெரிய கிராணியின் மேசையைத் தாண்டித்தான் போகும்.

பேராசிரியர் சொல்லித் தந்தபடி ஒரு நோட்டில் வீட்டுக்கொரு தாள். வீட்டு எண்ணே தாளின் எண். இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்பது முதல் கேள்வி. பாடப்புத்தகத்தில் அது சாதாரணக் கேள்வி. எங்கள் லயத்தில் அது போலீஸ் கேட்கும் கேள்வி என்பது எனக்கு உறைக்கவில்லை. எல்லோரும் பங்கீட்டு அட்டையில் இருந்த எண்ணையே ஒப்பித்தார்கள். ஒருவர், "உனக்கு எதுக்குலா இதெல்லாம்?" என்று கதவைச் சாத்தினார். பதினைந்தாம் வீட்டு அக்கா மட்டும், "அட்டையில நாலு, தின்னுறது அஞ்சு. எழுதிக்க தம்பி, நீ நம்ம புள்ளதானே" என்றார். ஐந்தாவது ஆள் அவருடன் பிறந்தவர். தொழிற்சங்கத்தில் இருந்ததற்காகக் கலும்பாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு, பெயரைப் பதியாமல் அங்கே ஒளிந்திருந்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் பெரிய கிராணி. "தொரைக்குக் காட்டாம சைன் கெடைக்குமா? ஒங்கப்பன் பால்வாளி தூக்குறான், நீ கப்பல் ஏறப் போறியோ?" பதினைந்தாம் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு நோட்டையும் விண்ணப்பத்தையும் கொடுத்தேன். அவர் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பதிமூணு, பதினாலு, பதினாறு." நிமிர்ந்து பார்த்தார். "என்னாடா படிச்சவனே, பதினஞ்சுல ஆளே இல்லியா?" மழையில் நனைந்துவிட்டது என்றேன். சிரித்தாரே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. துரையின் கையெழுத்தோடு, 'நன்னடத்தை உள்ளவர்' என்று பச்சை மையில் எழுதி, அன்று மாலையே விண்ணப்பத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நிற்க, போலீஸ் லோரி வந்தது. "பதினஞ்சாம் தாள மட்டும் கிழிச்சு நம்ம படிச்ச புள்ள வீடு காட்டிருச்சு" என்று உரக்கச் சொன்னார் பெரிய கிராணி. வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்காவையும் அவர் தம்பியையும் ஏற்றினார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒன்ன மட்டும் கிழிச்சியே தம்பி, எல்லாத்தையும் கிழிச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பத்தில் ஓர் இடம் நிரப்பப்படாமல் இருந்தது. ஆராயப்படும் மக்கள் உங்களுக்கு ஒத்துழைப்புத் தருகிறார்களா? 'முழு நம்பிக்கையோடு' என்று எழுதி, பத்தாங் பெர்ஜுந்தாய்க்குச் சைக்கிளில் போய்த் தபாலில் சேர்த்தேன். உதவித்தொகை கிடைத்தது.